மழையில் காய்ந்த துண்டு

உண்மைக்கு அந்தத் துப்பறிவாளர் வைத்திருந்த விலை, நிம்மதிக்கு வைத்திருந்த விலையில் சரிபாதி.

"அதெப்படி சார்?" என்று கேட்டார் பட்டறைக்காரர். அவர் சாதாரணமாகக் கேட்டாலே மேசைமேல் இருந்த பேனா உருளும். அவ்வளவு பெரிய குரல்.

"நிம்மதி கிராக்கியான சரக்கு. நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்களோ அவர்தான் குற்றவாளின்னு சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதி. உண்மை அப்படியில்ல. வாங்கிட்டுப் போனவங்க பாதிப் பேர் மறுநாளே வந்து, இது வேண்டாம், வேற மாத்திக் குடுங்கன்னு வாசல்ல நிக்கிறாங்க."

"அப்ப எனக்கு உண்மையே போதும்!"

மலிவு அவர் கண்ணில் பட்டது. காரணம் காதில் ஏறவில்லை.

துப்பறிவாளரை எல்லோரும் 'தராசு' என்றுதான் அழைப்பார்கள். யோசிக்கும்போது அவர் தலை ஒரு பக்கமாகச் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நியாயம் என்று அவரே நம்பிவிடுவதும் உண்டு. அவருடைய உதவியாளர், அவர் அண்ணி. வேறு எந்தத் துப்பறிவாளருக்கும் வாய்க்காத சங்கடம் இது. உதவியாளரை அதட்ட முடியாது. தாமதமாக வந்தால் கேட்க முடியாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால், இவர் எழுந்து நிற்க வேண்டும்.

"விஷயத்துக்கு வாங்க" என்றார் அண்ணி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

விஷயம் இதுதான். பட்டறைக்காரர் வீட்டின் பின்கட்டிலேயே மரப்பட்டறை வைத்திருக்கிறார். நாற்காலிக் கால், மேசைக் கால், கட்டில் கால் என்று கடைந்து கொடுப்பது தொழில். மத்தியானமானால் பட்டறையில் மட்டும் மின்சாரம் போய்விடுகிறது. போய்ப் பார்த்தால் பலகையில் பீங்கான் பியூஸ் கட்டை இருக்காது. சாயங்காலத்துக்குள் அது இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்திருக்கும்.

"திருடிட்டுத் திருப்பியும் குடுக்கிறானா?" என்றார் அண்ணி. "நம்ம சொந்தக்காரங்களை விட நல்லவனா இருக்கானே!"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. யார் மேல சந்தேகம்?"

பட்டறைக்காரர் தயாராகவே வந்திருந்தார். பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் டிரைவர். ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். "மிஷின் சத்தம் தாங்கலன்னு ஒருநாள் சண்டைக்கு வந்தான் சார். போகும்போது, ஒருநாள் உன் கரண்டைப் பிடுங்குறேனா இல்லையா பாருன்னு சொல்லிட்டுப் போனான். அவன் வீட்டுக்காரர்கிட்ட புகார் பண்ணிட்டேன். நீங்க இன்னிக்கு நிரூபிச்சா, இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன்னு அவரும் ஒத்துக்கிட்டார்."

"சண்டைக்கு வந்தவருக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நானா? ஏதோ சொன்னேன்." முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

தராசின் தலை அப்போதே சாய ஆரம்பித்துவிட்டது. மாடிப் பக்கமாக.

பட்டறையில் கடைசல் மிஷினும் இழைப்பு மிஷினும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் தராசுக்குத் தன் பல் வரிசை தனித்தனியாக ஆடுவது போலிருந்தது. அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டா வெளியில ஒண்ணுமே கேட்காது!" என்றார் பட்டறைக்காரர் பெருமையாக. "நானே சந்துல நின்னு பாத்திருக்கேன். ஈ பறக்கிற சத்தம்தான்!"

"அந்த ஈயை எனக்குக் காட்டுங்க" என்றார் அண்ணி. "அது ஈயா இருக்காது, யானைக்கு ரெக்கை முளைச்சிருக்கும்."

இரண்டு வீட்டுக்கும் நடுவே குறுகலான சந்து. பியூஸ் பலகை சந்துச் சுவரில், சமையலறைக் கதவுக்கு வெளியே இருந்தது. பட்டறையிலிருந்து பறந்து வந்த மரத்தூள் சந்து முழுக்க மாவு சலித்துக் கொட்டியது போல் படிந்திருந்தது. அதில் ஒரே ஒரு செருப்புத் தடம். சமையலறைக் கதவிலிருந்து குப்பைத் தொட்டி வரை.

"அது என் சம்சாரம். குப்பை கொட்டப் போவா" என்றார் பட்டறைக்காரர்.

தராசு அந்தத் தடத்தைத் தாண்டிக்கொண்டு போனார். வேறு தடம் ஏதும் இல்லை. தெருப் பக்கத்துக் கதவு துருப்பிடித்துத் திறக்காமல் கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே டிரைவர் வீட்டு பால்கனி. அதன் மூலையில், நுனியில் கொக்கி வைத்த ஒரு நீளமான கம்பு சாய்ந்து நின்றது.

"அண்ணி! ஆள் தரையில வரவே இல்ல. மேலேருந்து வந்திருக்கான்."

"தூண்டில் போட்டு பியூஸ் பிடிக்கிறாரா தம்பி? புழுவுக்கு என்ன வைக்கிறாராம்?"

தராசு மாடிப்படி ஏறினார். மனதுக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து வீட்டுக்காரரும் கூடவே ஏறி வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த டிரைவரின் மனைவி குரலை அடக்கிக்கொண்டு, "இப்பதான் சார் படுத்தார். சாயங்காலம் வாங்களேன்" என்றாள்.

"சாயங்காலம் நீங்க இங்க இருக்க மாட்டீங்க" என்றார் தராசு.

இப்படி ஒரு வசனம் சொல்ல வாய்ப்புக் கிடைக்காதா என்று துப்பறிவாளர்கள் காத்திருப்பார்கள். சொன்ன பிறகுதான், கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு பெண் என்பதும், அவள் பின்னால் புத்தகப் பையுடன் ஒரு சின்னப் பெண் நிற்பதும் கண்ணில் படும்.

டிரைவர் எழுந்து வந்தார். பெரிய உடம்பு, இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். தராசு பால்கனியிலிருந்து அந்தக் கம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். எதிர் ஜன்னல்களிலும் கீழே தெருவிலும் தலைகள் முளைத்தன. தராசுக்குக் கூட்டத்தைக் கண்டால் குரல் தானாக உயரும்.

"இந்தக் கம்பு எதுக்கு?"

"மேல் ஜன்னல் சாத்த சார். கைக்கு எட்டாது."

"ஜன்னல் சாத்தவா, அடுத்தவன் பியூஸைப் பிடுங்கவா? பொண்டாட்டி பிள்ளையை வச்சுக்கிட்டு திருட்டு வேலை பாக்குறீங்களே, வெட்கமா இல்ல? நீட்டுங்க, எட்டுதா பாப்போம்!"

டிரைவர் அத்தனை பேர் பார்க்க, பால்கனிக் கம்பிக்கு வெளியே குனிந்து கம்பை நீட்டினார். அது பியூஸ் பலகைக்கு ஓர் ஆள் உயரம் முன்பே நின்றுவிட்டது. இன்னும் குனிந்தார். அப்போதும் எட்டவில்லை. எட்டினால் தேவலை என்பது போல இருந்தது அவர் முகம்.

அந்த நேரம் பார்த்து, கீழே மிஷின் சத்தம் நின்றது.

ஒரு பெரிய கல்லை நெஞ்சிலிருந்து யாரோ தூக்கியது போல் தெருவே மூச்சு விட்டது. பட்டறைக்காரர் வெளியே ஓடிவந்து மேலே பார்த்துக் கத்தினார். "போச்சு! மறுபடியும் பிடுங்கிட்டான்! பிடிச்சிட்டீங்களா சார்?"

"பிடிச்சாச்சு" என்றார் அண்ணி. "கம்பும் கையுமா எங்க முன்னாடியே நிக்கிறார். பாவம், பிடுங்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கல."

யாரோ சிரித்தார்கள். தராசின் காது மடல் சூடானது. கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்தார்; அது சரிந்து விழுந்தது; மறுபடி சாய்த்தார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இவர் ஆள் வச்சுச் செய்றாரோ என்னவோ, எனக்கு எதுக்கு இந்த வம்பு? யாருன்னு இருட்டுறதுக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க டிரைவர். தப்பா நினைக்காதீங்க."

"சரி சார்" என்றார் டிரைவர். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தவறு செய்தவன் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டால் அது சின்னச் செலவு. தராசுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் பால்கனிக்கு நகர்ந்து, ஏதோ தடயம் தேடுவது போல் நின்றார்.

அண்ணி அங்கேதான் இருந்தார். கொடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது. தூறலில் நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற துணிகள் எல்லாம் முன்பே எடுக்கப்பட்டு உள்ளே நாற்காலியில் மடித்துக் கிடந்தன.

"தம்பி, மழை வந்ததும் மத்த துணியை எல்லாம் எடுத்தவங்க, இதை மட்டும் ஏன் விட்டாங்க?"

"மறந்திருப்பாங்க அண்ணி."

"துண்டுல எண்ணெய் இல்ல, அழுக்கு இல்ல, சோப்பு வாசனைகூட இல்ல. துவைச்சதுமில்ல, துடைச்சதுமில்ல. காய வேண்டிய அவசியமே இல்லாத துண்டு காயுது. அதுவும் மழையில." அண்ணி துண்டைக் கொடியிலிருந்து உருவினார்.

"அதைத் தொடாதீங்க!" என்று டிரைவரின் மனைவி ஓடி வந்தாள்.

அண்ணி துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கீழே மிஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. "வந்துருச்சு!" என்று பட்டறைக்காரரின் குரல் கேட்டது.

துண்டை மறுபடி கொடியில் போட்டார். உறுமல் அடங்கியது. "அடச்சே!" என்றது பட்டறை.

தராசின் தலை சாய்ந்திருந்த பக்கத்திலிருந்து மெதுவாக நிமிர்ந்தது. இந்தத் துண்டு பட்டறையிலிருந்து தெரியாது. அதற்கு இந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. தெருவிலிருந்து தெரிந்தாலும் பியூஸ் பலகைக்கு வர வழியில்லை. பட்டறைக்காரர் வீட்டில் ஒரே ஒரு ஜன்னலுக்குத்தான் அது தெரியும். சமையலறை ஜன்னல். சந்தில் தாண்டிக்கொண்டு வந்த செருப்புத் தடம் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"அந்த அக்கா பேர் வெளிய வரக் கூடாதுங்க" என்றாள் டிரைவரின் மனைவி. "நாங்க காலி பண்ணிக்கிறோம். என் புருஷனும் பாவம், அவருக்கு இது எதுவும் தெரியாது."

சமையலறையில் பட்டறைக்காரரின் மனைவி நூல் பின்னிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் பின்னல் பையை மூடி மேசைமேல் வைத்தாள். 'டொக்' என்றது.

"நல்ல கனமான நூல் போலிருக்கே" என்றார் அண்ணி. "பீங்கான்ல பின்னுறீங்களா?"

அவள் பையைத் திறந்து பியூஸ் கட்டையை எடுத்து வெளியே வைத்தாள். அவள் கணவர் அவளுக்குப் பின்னால், கதவருகே வந்து நின்றதைத் தராசு பார்த்தார். எச்சரிக்கை செய்யக் கை தூக்கினார்.

"பரவாயில்ல, பேசலாம்" என்றாள் அவள் திரும்பாமலே. "அவர் வந்தது எனக்குத் தெரியும். மரத்தூள் வாசனை வரும். அவருக்குத்தான் நான் பேசுறது கேட்காது. மிஷின் பக்கத்துலயே இருந்து இருந்து காது போச்சு. போனதுகூட அவருக்குத் தெரியாது. நாமதான் முணுமுணுன்னு பேசுறோம்னு கோவிச்சுக்குவார்."

"யாரு? என்ன சொல்றா?" என்றார் பட்டறைக்காரர், மேசைமேல் இருந்த பியூஸ் கட்டையைப் பார்த்தபடி.

"கொஞ்சம் இருங்க!" என்று அவரிடம் கத்திவிட்டு, இவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அந்த டிரைவர் தம்பி சண்டைக்கு வரல. கெஞ்சத்தான் வந்தது. மத்தியானம் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, ராத்திரி வண்டி ஓட்டணும்னு கேட்டுச்சு. பட்டறையில நாலு வியாபாரிங்க இருந்தாங்க. அவங்க முன்னாடி இவர் ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக் கையில குடுத்து, காதுல வச்சுக்கிட்டுத் தூங்குப்பான்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தம்பி கரண்டைப் பிடுங்குவேன்னு சொன்னது. நான் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னேன். எனக்கு அந்த இடத்துலயே..." அவள் மேசையைப் பார்த்தாள். "கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணு வந்து அழுதுச்சு. ஓட்டும்போது கண்ணு சொக்கி பஸ் ரோட்டை விட்டு இறங்கிருச்சாம். மயிரிழையில தப்பிச்சிருக்காங்க. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். இவர்கிட்ட நான் சொன்னா எடுபடுமா? அதான் அவ துண்டு போடுவா, நான் கட்டையைப் பிடுங்கிருவேன்."

"இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள அவங்க காலி பண்ணணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் தராசு.

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுந்தாள். கணவரிடம் எதையும் விளக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கடைக்குப் போகும்போது அடம்பிடிக்கும் பிள்ளையை இழுப்பது போல் வாசல் வழியே வெளியே வந்து, பக்கத்து வீட்டுப் படியேறி, டிரைவர் வீட்டுப் படுக்கையறைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

சின்ன அறை. ஜன்னலை மறைத்து ஒரு மெத்தை கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பிள்ளை படுக்கிற மெத்தை. கட்டிலின் நாலு கால்களுக்கு அடியிலும் பழைய ரப்பர் செருப்புகளை வெட்டிச் சொருகியிருந்தார்கள். கட்டில் கால் கடைகிறவருக்கு அந்த நாலு கால்களும்தான் முதலில் கண்ணில் பட்டன.

"இவங்க மிஷினைப் போடட்டும். இங்க எப்படிக் கேக்குதுன்னு பாருங்க!" என்று அவர் காதருகே கத்தினாள் மனைவி.

அண்ணி கீழே போனார். பியூஸ் ஏறியது. இரண்டு மிஷினும் ஓட ஆரம்பித்தன. மேசைமேல் இருந்த தம்ளர் விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது. டிரைவரின் மனைவி பார்க்காமலே, பழகிய கையால் அதைப் பிடித்து நடுவில் வைத்தாள்.

பட்டறைக்காரர் தலையை நிமிர்த்தி, கவனமாக, நல்ல பிள்ளை போல் காத்திருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சரி, எப்பப் போடப் போறாங்க?"

தராசு தரையைப் பார்த்தார். இதைப் பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது.

டிரைவர் எழுந்து வந்தார். பட்டறைக்காரரின் கையைப் பிடித்து, கட்டில் சட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார். மரம் அவருக்குப் பொய் சொல்லாது. உள்ளங்கை நடுங்கியது, நடுக்கம் முழங்கைக்கு ஏறியது. அவர் கையை எடுத்தார். மறுபடி வைத்தார். தம்ளரைப் பார்த்தார். அது மறுபடி விளிம்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அலமாரித் தட்டில் ஒரு பஞ்சுப் பொட்டலம், பாதிக்கு மேல் தீர்ந்து கிடந்தது.

"வச்சுப் பாத்தேண்ணே" என்றார் டிரைவர். உதட்டசைவு புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னார். குத்தல் எதுவும் இல்லை குரலில். அது இருந்திருந்தால் கேட்பவருக்கு எளிதாக இருந்திருக்கும். "பஞ்சு காதைத்தான் அடைக்குது. கட்டில் ஆடுறதை அடைக்க மாட்டேங்குது."

பட்டறைக்காரர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு காதுகளும் இத்தனை நாள் தன்னிடம் பொய்க்கணக்கு காட்டிவந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவியைப் பார்க்க முயன்றார். அவள் நெற்றி வரை பார்வை போயிற்று, கண்ணுக்குப் போகவில்லை.

"மன்னிச்சிரு தம்பி" என்றார். இந்த முறை குரல் மிகவும் சின்னதாக வந்தது. எவ்வளவு சின்னது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டிரைவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, போய் வாருங்கள் என்பதா, யாருக்கும் பிடிபடவில்லை.

கீழே வீட்டுக்காரர் வாசலில் நின்றார். தெருவும் கலையாமல் நின்றது. தராசு முன்னால் போய்த் தொண்டையைச் சரிசெய்தார். உண்மையைச் சொன்னால் ஒரு மனைவியின் பெயர் சந்திக்கு வரும். டிரைவர் பஸ்ஸை ரோட்டை விட்டு இறக்கிய கதையும் பின்னாலேயே வரும். சொல்லாவிட்டால் வீடு காலி. எதை அளந்து எதைக் கொடுப்பது என்று அவர் தலை இரண்டு பக்கமும் சாய்ந்து தவித்துக்கொண்டிருக்கும்போதே, பட்டறைக்காரர் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் பிடுங்கினேன்" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி.

"உங்க பியூஸை நீங்களேவா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா."

"நீங்களே பிடுங்கிட்டு, நீங்களே புகாரும் குடுத்தீங்களா?"

"ஆமா. கழட்டித் துடைக்கிறது என் பழக்கம். மாட்டினோமான்னு மறந்துடும். வயசாகுது பாருங்க, காதும் கேட்கிறதில்ல. டிரைவர் மேல எந்தத் தப்பும் இல்ல. இனிமே மத்தியானத்துல மிஷின் ஓடாது."

தெரு சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. இதற்காகவா துப்பறிவாளரை வைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். பட்டறைக்காரர் முகம் செம்மண் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பு முழுவதையும் நின்றே வாங்கிக்கொண்டார். சமையலறை ஜன்னலில் அவர் மனைவி நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"காலி பண்ண வேண்டாம்னு மாடியில சொல்லிடுங்க" என்று முனகிக்கொண்டே வீட்டுக்காரர் உள்ளே போனார்.

"வேடிக்கை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க!" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு அண்ணி திரும்பினார். "தம்பி, ஒரு பாக்கி இருக்கே."

"தெரியும் அண்ணி."

"பொண்டாட்டி பிள்ளையை வச்சுக்கிட்டு வெட்கமா இல்லையான்னு ஒருத்தர் கேட்டார். அது யாருன்னு துப்புத் துலக்க முடியுதா?"

"தெரியும்னு சொன்னேனே அண்ணி!"

அவர் படியேறினார். முன்பே வாய் திறந்திருந்தால் அந்த அறையிலேயே, பட்டறைக்காரரோடு சேர்த்துச் சொல்லி முடித்திருக்கலாம். அப்போது அடுத்தவர் வெட்கத்தின் நிழலில் ஒதுங்கி நின்றுவிட்டார். இப்போது சொல்ல வேண்டியதை வழியெல்லாம் உருட்டிப் பார்த்தார். 'அவசரப்பட்டுட்டேன்' என்பது போதாது. 'தெரியாம' என்பது பொய். 'தப்பு என்னுது' என்பது பரவாயில்லை.

கதவைத் தட்டக் கை ஓங்கியபோது, அது தானாகத் திறந்தது. டிரைவரின் மனைவி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து குறட்டை வந்தது. நல்ல கெட்டியான, நிறுத்தாத குறட்டை. பட்டறை நின்ற தெருவில் இப்போது கேட்கிற ஒரே சத்தம் அதுதான்.

தராசு ஓங்கிய கையை இறக்கினார். எழுப்பி மன்னிப்புக் கேட்டால், கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டாகிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படி இறங்கினார்.

"குடுத்தாச்சா?" என்றார் கீழே நின்ற அண்ணி.

"தூங்குறார் அண்ணி."

அன்றைய கணக்கில் வரவு, டிரைவருக்கு ஒரு தூக்கம். செலவு, பட்டறைக்காரருக்கு ஒரு தெருச் சிரிப்பு. தராசின் பெயரில் மன்னிப்பு ஒன்று, நிலுவை.